ஊராட்சித் தலைவருக்குப் பாடம்: வாசலிலேயே தடுப்பதா, உள்ளே வந்தபின் சொல்லித் தருவதா?

"தலைவருக்கு ஒன்றும் தெரியாது, செயலர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார்." இந்தப் புலம்பல் எந்த மாநிலத்துக்குப் போனாலும் காதில் விழும். இதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி பிடித்திருக்கிறார்கள். எது தேறுகிறது?

முதலில் ஹரியானா. அங்கே 2015இல் சட்டத்தைத் திருத்தி, படிக்காதவர் போட்டியிடவே முடியாது என்று ஆக்கினார்கள். பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, பட்டியல் சாதிப் பெண் வார்டு உறுப்பினராக நிற்க ஐந்தாம் வகுப்பு. இதை எதிர்த்துப் போட்ட ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. ராஜஸ்தான் இதேபோல ஒன்றைக் கொண்டுவந்து 2019இல் கைவிட்டது. என்னைக் கேட்டால் இது பயிற்சியே இல்லை, ஆள் கழிக்கிற வேலை. பத்தாவது பாஸ் செய்தவருக்கு எம்-புக் (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் பதிவேடு) படிக்கத் தெரியுமா என்ன? பள்ளிக்கு அனுப்பாமல் விட்டது ஊரும் அரசும், தண்டனை மட்டும் படிக்க முடியாமல் போன அம்மாவுக்கு.

இதற்கு நேர் எதிர், மணிக்கணக்கு பார்க்கிற அமெரிக்க முறை. டெக்சாஸில் உள்ளாட்சி போன்ற பொது அமைப்புகளின் உறுப்பினர்கள் பதவியேற்ற 90 நாளுக்குள், கூட்டங்களை மக்கள் அறிய நடத்தச் சொல்லும் 'திறந்த கூட்டச் சட்டம்' பற்றி ஒன்றிரண்டு மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இலவச வீடியோவைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கினாலே போதும். முடிக்காவிட்டால்? சட்டம் தண்டனை எதுவும் சொல்லவில்லை, அந்த அமைப்பு எடுத்த முடிவும் செல்லாமல் போகாது. நியூயார்க் கொஞ்சம் கறார். 2007 முதல் அங்கே நகர, கிராமத் திட்டக் குழு உறுப்பினர்கள் ஆண்டுக்கு 4 மணி நேரம் பயிற்சி எடுத்தாக வேண்டும், எடுக்காதவரை மறுபடி நியமிக்க முடியாது. (உள்ளூர் நிர்வாகம் தீர்மானம் போட்டு விலக்கு தரலாம் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை.) ஆனால் அவர்கள் நியமன உறுப்பினர்கள் என்பதால்தான் இந்தப் பிடி வேலை செய்கிறது. ஓட்டு வாங்கி வந்தவரை மறுபடி 'நியமிப்பது' ஊர்தானே, அங்கே இதை எப்படிப் பொருத்துவது?

நம்மிடமே இப்படி ஒரு கறார் முறை இருக்கிறது, அலுவலர்களுக்கு. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக வருகிறவர் பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் பயிற்சியை முடிக்காமல் தகுதிகாண் பருவத்தைத் தாண்ட முடியாது. அப்புறம் பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வுகள். பல தாள்களைப் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம் என்பதால் சிலர் கேலி செய்வார்கள், ஆனால் எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடத் தெரிவதே ஆபீஸ் வேலையில் பாதி. அலுவலர் கையில் இவ்வளவு பயிற்சி இருக்க, எதிரே உட்காரும் தலைவரிடம் பயிற்சி வகுப்பில் கொடுத்த ஒரு பையும் கையேடும் மட்டும் இருந்தால் யார் பேச்சு எடுபடும்?

அடுத்தது கேரளம். என் ஓட்டு இதற்குத்தான். திருச்சூர் பக்கம் முளங்குன்னத்துக்காவில் 1990இல் தொடங்கிய 'கிலா' என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனத்தைப் பலரும் புகழ்வார்கள், நியாயம்தான். ஆனால் கட்டடத்தைவிட 1996இல் மக்கள் திட்ட இயக்கம் வந்தபோது நடந்ததுதான் முக்கியம். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவெடுத்துவிட்டு, கிராம சபை, வளர்ச்சி அறிக்கை, திட்டத் தயாரிப்பு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அதற்கான பயிற்சியைச் சுற்றுச் சுற்றாக நடத்தினார்கள். இன்று கற்றதை நாளைக்கே ஊரில் செய்தாக வேண்டும், செய்யப் பணமும் கையில் இருக்கிறது. செலவழிக்க அதிகாரமே இல்லாதவருக்கு வகுப்பு எடுத்து என்ன பயன்?

தமிழ்நாட்டிலும் மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது, பவானிசாகர், பட்டுக்கோட்டை, தே.கல்லுப்பட்டி போன்ற இடங்களில் மண்டல நிறுவனங்கள் இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகள் என்பதால் பயிற்றுநருக்குப் பயிற்சி, அவர் இன்னொருவருக்கு, அவர் ஒன்றியத்துக்கு என்று இறங்கும்போது பாடம் தேய்ந்துவிடுகிறது. கடைசியில் மண்டபத்தில் ஸ்லைடு ஓடும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, சாப்பாடு, குரூப் போட்டோ. 2019 டிசம்பரில் தேர்வான தலைவர்கள் 2020 ஜனவரியில் பதவியேற்று மூன்றாவது மாதமே ஊரடங்கு வந்தது, ஆளைக் கூட்டி வகுப்பு எடுக்க முடியாமல் போனது யார் தவறும் இல்லை.

ஆகவே எதைக் கட்டாயமாக்குவது? தலைவர் மீது கட்டாயத்தைச் சுமத்தினால், வகுப்புக்கு வராததைக் காரணம் காட்டி அவர் பதவிக்கே வேட்டு வைக்க ஒரு கூட்டம் காத்திருக்கும். முதலில் மாட்டுவது தனித்தொகுதித் தலைவரும் பெண் தலைவரும்தான். அதனால் கட்டாயம் அரசின் மேல் இருக்கட்டும்: பதவியேற்ற 90 நாளுக்குள், தங்கிப் படிக்கிற மாதிரி, பெண் தலைவர் என்றால் கணவருக்கு உள்ளே நாற்காலி போடாமல் பயிற்சி தந்தாக வேண்டும். செயலருக்கும் ஒன்றிய அலுவலருக்கும் பவானிசாகர் போலவே கறாராக இருக்கட்டும்.

பாடப் புத்தகம் தேடவும் அலைய வேண்டாம். அந்தந்த ஊராட்சியின் கடந்த மூன்று ஆண்டு தணிக்கை அறிக்கையை எடுத்து மேசையில் வைத்து, எந்தச் செலவுக்கு ஏன் தடை போட்டிருக்கிறது என்று தலைவரையும் துணைத் தலைவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லலாம். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் ஏன் வைத்தது என்பது இரண்டாம் பக்கத்திலேயே புரிந்துவிடும்.