அம்மாவோடு ஹோட்டன் சமவெளி போய் வந்தோம்

இந்த மார்ச்சில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு இன்னும் பத்து நாள் சேர்த்துக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். கோண்டாவிலில் அம்மாவோடு ஒரு கிழமை நின்றபின், அவரையும் கூட்டிக்கொண்டு மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் நோ. முப்பது வருசம் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவர். மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் ஹோட்டன் சமவெளியிலிருந்து தண்ணீர் போகிறது என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர், அந்த இடத்தை ஒருநாளும் கண்டதில்லை. முதலில் கையில் காசில்லை, பிறகு போரால் பாதை திறந்திருக்கவில்லை, பாதை திறந்தபோது நாங்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. இந்தப் பயணம் அவருக்காகத்தான். வயது போனவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் தொடங்குகிறேன், ஏனென்றால் எங்களுக்கு முதல் சிக்கல் வந்தது அதில்தான். கனடாவிலிருந்தே போனில் கதைத்து ஒழுங்கு செய்திருந்தோம். வந்த வானின் படி அம்மாவின் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. பின் இருக்கைப் பட்டிகள் இரண்டு வேலை செய்யவில்லை. வேறு வான் அனுப்புங்கள் என்று சொல்லி, அரை நாள் காத்திருந்துதான் புறப்பட்டோம். அந்த அரை நாள் போனதில் எனக்குக் கவலையில்லை, எட்டு ஒன்பது மணித்தியாலப் பயணம் அது. நீங்கள் வான் பேசும்போது ஏசி உண்டா என்று கேட்பதற்கு முன் படியின் உயரத்தைக் கேளுங்கள். இரண்டாவது வானோடு வந்த சாரதி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அம்மாவைப் பார்த்ததும் ஒரு சின்ன மரப் பலகைக் கட்டையை எடுத்துப் படிக்கு முன்னால் வைத்தார். வழியில் இறங்கிய ஒவ்வொரு இடத்திலும், யாரும் சொல்லாமலே, அந்தக் கட்டை கீழே வந்துவிடும்.

நுவரெலியாவில் தங்கிய ஹோட்டலில் கீழ்த்தள அறை என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாடியைத் தந்தார்கள். விட்டுக்கொடுக்காமல் நின்றதில் இரவு ஏழு மணிக்கு மாற்றித் தந்தார்கள். படுக்கைக்குச் சுடுதண்ணிப் போத்தல் கொண்டுவந்து வைத்த பிள்ளைக்கு நன்றி.

“அக்கா, காலையில அஞ்சு மணிக்கே கிளம்பிரணும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனி மூடிரும், அப்புறம் உலக முடிவுல ஒண்ணும் தெரியாது” என்று சாரதி முதல் நாளே சொல்லி வைத்தார். உலக முடிவு என்பது சமவெளியின் விளிம்பிலுள்ள செங்குத்தான பாறை. அம்பேவெல, பட்டிப்பொல தாண்டி ஏறினால் முப்பது கிலோமீற்றர் சொச்சம். வாசல் ஆறு மணிக்குத் திறக்கிறது. ரிக்கற் எடுக்கும் இடத்தில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா அடையாள அட்டையை நீட்டி உள்ளூர் ரிக்கற் வாங்கினார். நாங்கள் நால்வரும் வெளிநாட்டுக் கணக்கு, பல மடங்கு விலை. அது விதி, முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் போனோம். ஆனாலும் அம்மா தன் ரிக்கற்றையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நீயும் வெளிநாட்டுக்காரியோ?” என்று மெல்லக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பெற்றோரின் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

உள்ளே விடுமுன் பைகளைச் சோதிக்கிறார்கள். பொலித்தீன் ஒன்றும் போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட உரித்து எடுக்கிறார்கள். ஹோட்டலில் கட்டித் தந்த பாண் முழுவதும் பொலித்தீனில் இருந்தது, எல்லாவற்றையும் பிரித்துக் கடதாசிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைப் பெட்டியைத் திறந்து பார்த்தார் சோதனை செய்தவர். உள்ளே பனங்காய்ப் பணியாரமும் பொரிவிளாங்காயும். மூடியைத் திரும்பப் பொருத்தி, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். இந்தக் கண்டிப்பு வேண்டும். இறந்துபோன மரை மான்களின் வயிற்றில் பொலித்தீன் கண்டிருக்கிறார்கள்.

சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி எல்லாம் பார்த்துத் திரும்ப மூன்று நாலு மணித்தியாலம் வேண்டும். கல்லும் வேருமான பாதை. அம்மாவால் முடியாது என்பது தெரியும். அதனால் என் கணவரும் 14 வயது மகளும் முழுச் சுற்றுக்குப் போக, நானும் ஒன்பது வயது மகனும் அம்மாவோடு நின்றோம். சாரதியும் எங்களோடு வந்தார். கழிப்பறை பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது, அங்கேயே போய்விட்டு நடக்கத் தொடங்குங்கள்.

நாங்கள் நடந்தது முழுவதும் சேர்த்தால் ஒரு கிலோமீற்றர் வராது. ஆனால் நின்று பார்க்க நேரம் இருந்தது. புல்வெளியில் வெயில் விழத் தொடங்கிய நேரம், ஒரு ஆண் மரை இருபது அடி தூரத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்து மயிர் பனியில் நனைந்து திரித்திரியாகத் தொங்கியது. அது புல்லை அறுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மகன் பிஸ்கற் கொடுக்கலாமா என்று கேட்க, சாரதி, “வேணாம் தம்பி. குடுத்துப் பழக்கினா அதுக்குத்தான் கேடு” என்றார். மகன் பிஸ்கற்றைப் பைக்குள் வைத்துவிட்டான்.

பாதையோரம் மரங்கள் அடர்ந்த இடத்தில் சாரதி கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். பாசி மூடிய மரத்தண்டில் விரலளவு தடித்த ஒரு ஓணான். பச்சையும் மண்ணிறமும் கலந்த உடம்பு, மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு. உலகத்தில் இலங்கையின் இந்த மலைகளில் மட்டும் வாழும் இனம். ஐந்து நிமிசம் பார்த்தும் அசையவில்லை, ஒரு கண் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. நாங்கள் நின்ற நேரத்தில் நாலைந்து கூட்டம் எங்களைத் தாண்டி விறுவிறென்று போனது. ஒருவரும் அந்த மரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஓடைப் பாலத்தடிக்கு வந்தோம். அம்மா என் தோளைப் பிடித்துக் கரையில் இருந்தார். கையை நீருக்குள் விட்டவர் உடனே எடுத்துவிட்டார், அவ்வளவு குளிர். மறுபடி விட்டார். “இது பெலிகுல் ஓயா. வளவையோட சேர்ந்து அம்பலாந்தோட்டையில கடலுக்குப் போகும்” என்று பேரனுக்குச் சொல்லி, ஈர விரலால் கல்லில் கோடு வரைந்தார். வடக்கே போகும் மகாவலிக்கு ஒரு கோடு, மேற்கே களனிக்கு ஒன்று. கோடுகள் காய்ந்துபோக, மகன் தண்ணீர் தொட்டுத் திரும்பத் திரும்ப வரைந்தான். 1988இல் இது தேசிய வனமானதும், 2010இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டோடு சேர்க்கப்பட்டதும் அம்மாவுக்குத் திகதியோடு தெரிந்திருந்தது. அவர் தன் வகுப்பறையில் நின்ற மாதிரியே இருந்தது எனக்கு.

பதினொரு மணிபோல இவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நேரத்தோடு போனதால் உலக முடிவில் பனி இருக்கவில்லை. மகள் கமராவை அம்மம்மாவிடம் கொடுத்துப் படங்களைக் காட்டினாள். செங்குத்தான பாறை, அதற்குக் கீழே எங்கோ ஆழத்தில் பச்சை வயல் போல ஒன்று.

“அது வயல் இல்ல பாப்பா, தேயிலை. நொன்பரெல் தோட்டம்” என்றார் சாரதி. “எங்க பெரியம்மா அங்கதான் கொழுந்து பறிச்சாங்க. நாங்க சின்னப் புள்ளையில லயத்து வீட்டு வாசல்ல நின்னு இந்தப் பாறையை அண்ணாந்து பார்ப்போம்.”

அம்மா பணியாரப் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “பெரியம்மான்ர வீடு எந்தப் பக்கம் தம்பி, காட்டும்” என்றார். மகள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரையில் ஒரு லயத்தைத் தேடிக்கொண்டிருந்தன.