எஃகுக் கலனா, பிளாஸ்டிக் பையா?

மோனோகுளோனல் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரே இலக்கைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) மருந்துகளைச் சுரக்கும் செல்களை வளர்க்க இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துருப்பிடிக்காத எஃகுக் கலன். மற்றொன்று, காமா கதிரால் கிருமி நீக்கப்பட்டு வரும் பிளாஸ்டிக் பை. ஒரு தொகுதி (ஒரு முறை தயாரிக்கும் மருந்து) முடிந்ததும் பையைக் கழற்றி அப்புறப்படுத்திவிடலாம். பெரும்பாலும் விலையை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். தூய்மைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

எஃகில் அந்தப் பொறுப்பு தொழிற்சாலையுடையது. ஒவ்வொரு தொகுதிக்குப் பிறகும் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி, ஊசிமருந்துத் தரத் தண்ணீரால் அலசி, குழாய், வால்வு எல்லாவற்றிலும் 121 டிகிரி நீராவி செலுத்த வேண்டும். முந்தைய மருந்தின் எச்சம் வரம்பைத் தாண்டவில்லை என்று ஆவணத்தோடு நிரூபிக்கவும் வேண்டும். தண்ணீரும் எரிபொருளும் நாட்களும் இதிலேயே கரைகின்றன.

பையில் இந்தப் பாடு பெருமளவு இல்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் விரைவிலேயே அடுத்த மருந்தைத் தொடங்கலாம். 1990களின் பிற்பகுதியில் பொறியாளர் விஜய் சிங் உருவாக்கிய, ஊஞ்சல்போல் ஆடும் ‘வேவ்’ பைகள் சில நூறு லிட்டரோடு நின்றன. இன்று 2,000 லிட்டர் பை சாதாரணம். ஆனால் பொறுப்பு மறைந்துவிடவில்லை, பை தயாரிப்பவரிடம் போய்விட்டது. செல் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு சேர்மம் பைகளிலிருந்து கசிவதை ஆம்ஜென் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். பிளாஸ்டிக்கைக் காக்கச் சேர்த்த பொருளே சிதைந்து அதை உண்டாக்கியிருந்தது. கிருமி நீக்கப் பாய்ச்சும் காமா கதிருக்கும் அதில் பங்கு இருந்தது.

கொரோனா காலத்தில் இந்தச் சார்பு இன்னும் கடுமையாக உறுத்தியது. பைகளுக்கும் வடிகட்டிகளுக்கும் உலகெங்கும் தட்டுப்பாடு. மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை நீக்குமாறு தடுப்பூசி தயாரிக்கும் சீரம் நிறுவனத்தின் அதார் பூனாவாலா 2021 ஏப்ரலில் அமெரிக்க அதிபரிடம் பகிரங்கமாகவே வேண்டினார். ஒரு நிறுவனத்தின் பை இன்னொன்றின் தாங்கு சட்டகத்தில் எளிதில் பொருந்தாது என்பதால், அவசரத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

எஃகு மட்டும் அபாயமற்றதா என்றால், இல்லை. 2009இல் அமெரிக்காவில் ஜென்சைம் மருந்து நிறுவனத்தின் ஆல்ஸ்டன் ஆலையில் வைரஸ் நுழைந்து உற்பத்தி நின்றது. அரிய நோய் உள்ளவர்கள் மருந்துக்குத் தவித்தார்கள். அந்த வைரஸ் செல்களுக்குக் கொடுக்கும் ஊட்டப்பொருள் வழியாக வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அப்படியானால் பையும் அதைத் தடுத்திருக்காது.

குப்பை விஷயத்தில் அவசரத் தீர்ப்பு வேண்டாம். பையின் பல அடுக்குப் பிளாஸ்டிக் படலத்தை மறுசுழற்சி செய்வது கடினம், பெரும்பாலும் எரிக்கிறார்கள். ஆனால் மிச்சமாகும் நீராவியையும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்ட பல ஆய்வுகள் பைக்கே சாதகமாக முடிந்திருக்கின்றன.

நோயாளிக்கு நோயாளி தனித்தனியாகத் தயாரிக்கும் செல் சிகிச்சைக்கும், மருத்துவச் சோதனைக் கட்ட மருந்துகளுக்கும், ஒரே கூரையின்கீழ் பல மருந்துகள் செய்யும் ஆலைக்கும் தயங்காமல் பையைச் சொல்வேன். ஆண்டு முழுதும் ஒரே மருந்து டன் கணக்கில் தேவையென்றால் எஃகுதான். தென் கொரியாவின் சாங்டோவில் சாம்சங் பயாலஜிக்ஸ் 15,000 லிட்டர் எஃகுக் கலன்களை நிறுவியது அதனால்தான். பாக்டீரியாவை வளர்த்து இன்சுலின் தயாரிப்பவர்களுக்கும் எஃகே நல்லது. பாக்டீரியா கக்கும் வெப்பத்தைப் பை வழியாக வெளியேற்றுவது சிரமம்.

பையைத் தேர்ந்தெடுப்பவர்கள், படலத்தின் கலவையை மாற்றினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது விற்பனையாளரின் பையையும் முதல் தொகுதிக்கு முன்பே சோதித்துவையுங்கள்.