ஜென் ஆர்கோ: மூன்று வருடம் வைத்து ஓட்டிய அனுபவம்

வெளியிலிருந்து வரும் ஆவணங்களைத் திறந்து, பக்கம் பக்கமாகப் படமாக்கித் தரும் ஒரு சின்ன அமைப்பை, ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ஜென் ஹைப்பர்வைசர் மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். யாரோ அனுப்பிய பிடிஎஃப். உள்ளே என்ன வினை இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும். அதனால் திறக்கிற வேலைக்கு நெட்வொர்க்கே இல்லாத ஒரு தனி விஎம். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட்டு, அடுத்த ஆவணத்துக்குப் புதிதாக ஒன்றைக் கிளப்புவேன். படங்களை வாங்கி வைக்க இன்னொரு விஎம், அது நிரந்தரமானது. இந்த இரண்டும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதில்தான் என் நேரத்தில் பாதி போனது. முதலில் விசான். பிறகு மூன்று வருடமாக ஆர்கோ. இரண்டுமே ஜென்னில் விஎம்கள் தங்களுக்குள் தகவல் அனுப்பிக்கொள்ளும் வழிகள்.

விசானைக் குறை சொல்ல வரவில்லை. பாதுகாப்புக்காக வேலைகளைத் தனித்தனி விஎம்களில் பிரிக்கும் க்யூப்ஸ் ஓஎஸ் அதன் மேல்தான் நிற்கிறது. ஜென்னில் வழக்கமாக எல்லாமே இந்த முறைதான். ஒரு விஎம் தன் நினைவகப் பக்கங்கள் சிலவற்றை கிராண்ட் டேபிள் என்ற அனுமதிப் பட்டியல் மூலம் இன்னொன்றுக்குத் திறந்துவிடும். பக்கத்தின் எண்ணை ஜென்ஸ்டோர் என்ற பொதுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும். “வந்திருக்கு, பார்” என்று தட்ட ஒரு ஈவென்ட் சேனல். பக்கத்துக்குள் ஒரு ரிங்: எழுதுபவர் எதுவரை எழுதினார், படிப்பவர் எதுவரை படித்தார் என்று இரண்டு எண்கள் சுற்றிச் சுற்றி ஓடும்.

இது ஒண்டுக்குடித்தனத்தில் இரண்டு குடும்பம் ஒரே அலமாரியைப் பகிர்ந்துகொள்வது மாதிரி. நல்ல மனிதர்களாக இருந்தால் பிரச்சினை இல்லை. என் விஷயத்தில் ஒரு பக்கத்துக் குடித்தனக்காரர் திருடராக இருக்கலாம் என்பதுதான் அடிப்படை அனுமானமே.

படங்களுக்கு வேகம் வேண்டுமென்று விசானுக்குப் பக்கத்திலேயே நானாக ஒரு பகிர்வு நினைவகம் போட்டிருந்தேன். வந்த துண்டின் நீளத்தைப் பார், வரம்புக்குள் இருந்தால் நகல் எடு. இரண்டே வரி. ஒரு நாள் ஜென்னின் பழைய பாதுகாப்பு அறிவிப்புகளைப் புரட்டும்போது, 2015 டிசம்பரில் வந்த 155-ஆம் எண் அறிவிப்பைப் படித்தேன். பகிர்ந்த பக்கத்தில் இருக்கும் ஒரு மதிப்பைச் சரிபார்த்துவிட்டு, மறுபடி அதே பக்கத்திலிருந்து எடுத்தால், நடுவில் எதிராளி அதை மாற்றிவிடலாம். அதில் வயிற்றைக் கலக்கிய விஷயம்: மூல நிரலில் ஒரே ஒரு முறைதான் படித்திருப்பார்கள், அதை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் தன் வசதிக்காக அதை இரண்டு முறை படிப்பதாக ஆக்கியிருக்கும். என் இரண்டு வரியைத் திறந்து பார்த்தேன். கம்பைலர் மேல் பழி போடவே வழியில்லை. நானே இரண்டு முறை படித்திருந்தேன்.

திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் அன்றிலிருந்து அந்த நிரலைத் தொடும்போதெல்லாம் ஒரு நெருடல். அப்போதுதான் ஆர்கோ பக்கம் திரும்பினேன்.

ஆர்கோ புதிதாக முளைத்ததல்ல. ஜென்னை வைத்து சிட்ரிக்ஸ் செய்த ஜென்கிளையன்ட் காலத்தில் வி4வி என்ற பெயரில் இருந்தது. 2012-இல் அதை ஜென் மூல நிரலுக்குள் கொண்டுவர முயன்றார்கள், நடக்கவில்லை. ஜென்கிளையன்டின் வழிவந்த திறமூலத் திட்டமான ஓபன்எக்ஸ்டி அதைக் கைவிடாமல் வைத்திருந்தது. கடைசியில் பெயர் மாறி, பழுதுபார்க்கப்பட்டு, 2019 ஏப்ரலில் வந்த ஜென் 4.12-இல் சேர்ந்தது. ஹைப்பர்கால் (ஹைப்பர்வைசரிடம் விஎம் வேலை கேட்கும் அழைப்பு) பட்டியலில் 39-ஆம் எண் அத்தனை வருடமும் ஜென்கிளையன்டுக்கென்று துண்டு போட்டு வைத்த சீட்டு. ஆர்கோ வந்து அதில்தான் உட்கார்ந்தது.

இதில் அலமாரி கிடையாது, தபால் பெட்டி. வாங்குபவர் தன் சொந்த நினைவகத்தில் ஒரு ரிங் வைத்து, ‘இது என் பெட்டி, இன்ன எண், இன்னார் மட்டும் போடலாம்’ என்று ஹைப்பர்வைசரிடம் பதிவு செய்கிறார். அனுப்புபவர் அந்தப் பெட்டியைப் பார்க்கவே முடியாது. செய்தியை ஹைப்பர்வைசரிடம் கொடுப்பார், அது நகல் எடுத்துப் பெட்டியில் போடும். ஒவ்வொரு செய்திக்கு முன்னாலும் 16 பைட் தலைப்பு: நீளம், அனுப்பியவரின் டொமைன் எண் (ஜென் ஒவ்வொரு விஎம்முக்கும் தரும் எண்), போர்ட், செய்தி வகை. டொமைன் எண்ணை எழுதுவது ஹைப்பர்வைசர். அனுப்புபவர் அங்கே பொய் எழுத முடியாது. செய்தி பெட்டியில் விழுந்த பிறகு அதை அவர் மாற்றவும் முடியாது. உள்ளடக்கத்தில் வில்லங்கம் இருக்கலாம், அதைச் சரிபார்ப்பது என் வேலைதான். ஆனால் சரிபார்த்தது சரிபார்த்தபடியே இருக்கும். நான் மாறியதற்கு இந்த ஒன்றுதான் காரணம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல் சில வாரங்கள் நன்றாகவே அடி வாங்கினேன்.

ஏ4 பக்கம் ஒன்று 150 டிபிஐயில் 1240-க்கு 1754 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் சுமார் 6.5 மெகாபைட். 64 கிலோபைட் துண்டுகளாக வெட்டினால் நூறு செய்தி. ரிங்குக்கு 128 கிலோபைட் போதும், எப்போதும் இரண்டு துண்டு உள்ளே இருக்கும் என்று மனக்கணக்கு போட்டேன். படங்கள் நொண்டிக்கொண்டு வந்தன. ஆர்கோவே மெதுவோ என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: 16 பைட் தலைப்பையும் சேர்த்தால் இரண்டு துண்டு 128 கிலோபைட்டைத் தாண்டுகிறது. ஆக ஒரு நேரத்தில் ஒரே துண்டுதான். ஒன்று போடு, பெட்டி நிறைந்தது என்று திட்டு வாங்கு, காத்திரு, அடுத்தது போடு. ரிங்கை ஒரு மெகாபைட் ஆக்கியதும் அந்த நொண்டல் போய்விட்டது. 16 மெகாபைட் வரை வைக்க அனுமதி உண்டு, எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது அடி இதன் தம்பி. பெட்டி நிறைந்திருந்தால் அனுப்புபவருக்கு ‘பிறகு வா’ என்ற பிழை எண் கிடைக்கும், அவர் காத்திருப்பதை ஹைப்பர்வைசர் குறித்துக்கொள்ளும். இடம் காலியானதும் தானாகவே எழுப்பிவிடும் என்று நினைத்தேன். எழுப்பாது. படித்து முடித்தவர் ‘படித்துவிட்டேன், கவனி’ என்று அதற்கென்று உள்ள ஹைப்பர்காலைச் செய்தால்தான் காத்திருப்பவருக்குத் தட்டல் போகும். நான் அதைச் செய்யவில்லை. வாங்குபவர் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அனுப்புபவர் தூங்கிக்கொண்டிருக்க, பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை. நள்ளிரவில் பார்க்க அழகான காட்சி.

அப்புறம் டொமைன் எண். ஜென்னில் ஒரு விஎம் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புது எண். ஆவணத்துக்கு ஒரு விஎம் என்று அழித்துக் கிளப்புகிற எனக்கு இது தினசரிச் சிக்கல். ‘37-ஆம் டொமைன் மட்டும் போடலாம்’ என்று பதிவு செய்த பெட்டி, 37 செத்ததும் அதோடு போகும். யார் வேண்டுமானாலும் போடலாம் என்று பொதுப் பெட்டி வைக்கவும் வழி உண்டு. வைத்துப் பார்த்தேன், அனுமதியில்லை என்ற பதில். ஜென்னை ஆர்கோவோடு கிளப்பும்போது மேக்-பெர்மிசிவ் என்ற விருப்பத்தையும் தனியாக ஏற்றிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதுப் பெட்டிக்கு இடமில்லை. ஒரு மாலை முழுக்க என் நிரலில் தப்புத் தேடியபின் தெரிந்துகொண்டது.

சில மாதம் பொதுப் பெட்டியோடு ஓட்டினேன். வசதிதான். ஆனால் கெட்டுப்போன ஒரு விஎம் குப்பையைக் கொட்டிப் பெட்டியை நிறைத்தால் மற்ற எல்லாருக்கும் கதவு அடைபடும். நான் எதற்காக இதற்கு மாறினேன் என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது. இப்போது வழி இது: விஎம்மை நிறுத்திய நிலையிலேயே உருவாக்குவது, அதன் எண்ணைக் கேட்பது, டொம்0-விலிருந்து (மற்றவற்றை நிர்வகிக்கும் முதல் விஎம்) வாங்கும் விஎம்முக்கு அந்த எண்ணைச் சொல்வது, அது தன் பெட்டியைப் பதிவு செய்ததும் புது விஎம்மை ஓடவிடுவது. டொம்0-வின் எண் எப்போதும் பூஜ்யம் என்பதால் இந்தத் தகவலையும் ஆர்கோ வழியாகவே அனுப்புகிறேன். ஜென்ஸ்டோரைத் தொடவே வேண்டியதில்லை.

வேகம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நகல் எடுப்பது வீண் செலவுதானே? பகிர்வு நினைவகமும் இலவசமில்லை. கொடுத்த பக்கத்தைத் திரும்ப எடுக்கும்போது டிஎல்பியை (செயலி வைத்திருக்கும் நினைவக முகவரிக் குறிப்புகளை) துடைக்க வேண்டும், செயலிகள் கூடக்கூட அது வலிக்கும். ஆர்கோவில் எனக்குப் பிடித்த ஒரு நியாயம், நகல் எடுக்கும் நேரம் அனுப்புபவரின் கணக்கில் போகிறது. ஹைப்பர்காலைச் செய்வது அவருடைய செயலி நேரத்தில்தானே. கொட்டுகிறவர் கூலி கொடுக்கிறார். அதற்காக டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் இதன் மேல் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. அவை பழைய கிராண்ட் ரிங்குகளிலேயே ஓடுகின்றன, ஓடட்டும்.

இனி குறைகள். நான் ஓட்டிய காலம் முழுக்க ஜென்னின் ஆதரவுப் பட்டியலில் ஆர்கோ சோதனை நிலையில்தான். சோதனை நிலை அம்சங்களில் ஓட்டை கண்டால் வழக்கமான பாதுகாப்பு அறிவிப்பு வராது. பாதுகாப்புக்காகவே வடிவமைத்த ஒன்றுக்கு இந்த நிலை என்பது உறுத்தத்தான் செய்கிறது. லினக்ஸ் கெர்னலுக்குள் இதற்கு டிரைவரும் கிடையாது. ஓபன்எக்ஸ்டி வைத்திருப்பதை எடுத்துக் கம்பைல் செய்யலாம், அல்லது என்னைப் போலத் தேவைக்குச் சின்னதாக எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதினால் அதற்குச் சோறு போடுவதும் நாம்தான். கெர்னல் 6.4-க்கு மாறிய காலையில் என் டிரைவர் தொகுதி கம்பைல் ஆகவே மறுத்தது. கெர்னலில் கிளாஸ் உருவாக்கும் செயற்கூறு ஓர் உள்ளீட்டைக் கைவிட்டிருந்தது. ஒரு வரித் திருத்தம்தான், ஆனால் அதுவரை ஆவணங்கள் வரிசையில் நின்றன.

இன்னொரு சில்லறைக் குறை: ஒரு விஎம்முக்கு எத்தனை பெட்டி இருந்தாலும் தட்டும் இன்டரப்ட் ஒன்றுதான். தட்டியதும் எல்லாப் பெட்டியையும் எட்டிப்பார்க்க வேண்டும். எனக்கு நாலைந்து பெட்டிதான், அதனால் கவலையில்லை. நூறு பெட்டி வைப்பவருக்கு இது விளையாட்டாக இருக்காது.

ஆவணப் பாதையில் விசான் இப்போது இல்லை. நான் போட்ட அந்தப் பகிர்வு நினைவகத் துண்டைப் போன மாதம்தான் களஞ்சியத்திலிருந்து ஒரேயடியாக நீக்கினேன். சுமார் நானூறு வரி போயிற்று. ஆர்கோ தொகுதி அதைவிட நீளம்தான்.