டாஷ்போர்டில் தெரியும் ரேஞ்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்களும், "ரேஞ்ச் குறையுது, பேட்டரியை மாத்தணும்" என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட்டுக் கவலையோடு வீடு திரும்பியவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். ரேஞ்ச், அதாவது மீதமுள்ள சார்ஜில் வண்டி இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரையில் தெரியும் ஒரு எண்ணைக் காட்டி என்னிடம் காரை விற்றார்கள். பிறகு அதே எண்ணைக் காட்டிப் புது பேட்டரியையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

டீலர் வண்டியை முழு சார்ஜில் நிறுத்தி வைத்திருந்தார். திரையில் 400 கிலோமீட்டர். பேட்டரி பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். "வண்டியே சொல்லுது சார், இதுக்கு மேல என்ன அறிக்கை?" என்று பேச்சை முடித்துவிட்டார்.

நெடுஞ்சாலையில் ஏசி போட்டு, 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது வண்டவாளம் தெரிந்தது. 90 கிலோமீட்டர் போனதும் திரையில் 195 நின்றது. ஓடியது 90, குறைந்தது 205! சார்ஜ் மட்டும் 67 சதவீதம் இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி மெதுவாகப் போகப் போக, எண் மறுபடி கொஞ்சம் ஏறவும் செய்தது.

காரணம் எளிது. மீதமிருக்கும் மின்சாரத்தை, சமீபத்தில் வண்டி ஒரு கிலோமீட்டருக்குச் செலவழித்த மின்சாரத்தால் வகுத்துத்தான் கார் அந்த எண்ணைச் சொல்கிறது. என் காரின் பேட்டரியில் இப்போது 54 யூனிட் பிடிக்கிறது. 100 கிலோமீட்டருக்கு 13.5 யூனிட் செலவானால் 400 வரும், 20 யூனிட் செலவானால் 270தான். பேட்டரியில் ஒரு மாற்றமும் இல்லை, ஓட்டிய விதம்தான் வேறு. வேகம் 80-லிருந்து 110 ஆனால் காற்றின் தடை கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். குளிரில் ஹீட்டரும் சேர்ந்து இழுக்கும். மேட்டில் ஏறினால் குறையும், இறக்கத்தில் கூடும். ஏசியை அணைத்த உடனே எண் ஏறுகிற கார்களும் உண்டு.

வாங்கிய அன்று அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். 400-க்குக் கீழே சின்ன எழுத்தில் சராசரி வேகம் 28, செலவு 13.5 யூனிட் என்று இருக்கிறது. ஏசி இல்லாமல் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி ஏற்றி வைத்த எண் அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தை அனுப்பிக் கேட்டேன். டீலரிடமிருந்து பதில் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இதைவிட மோசம். எந்தக் கருவியையும் இணைக்காமல், திரையை மட்டும் பார்த்துவிட்டு, "செல் போயிருக்கு, மொத்த பேக்கையும் மாத்தணும்" என்றார்கள். எழுதித் தாருங்கள் என்றதும் மழுப்பினார்கள். வாரண்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கின்றன. இது தெரியாதவர் அந்த இடத்திலேயே பணத்தைக் கட்டியிருப்பார், அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. வேறொரு இடத்தில் ஓபிடி போர்ட்டில் (காரின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் இணைப்புத் துளை) கருவியைச் செருகிப் பார்த்தார்கள். பேட்டரியின் ஆரோக்கியம், அதாவது புதிதில் பிடித்ததில் இப்போது பிடிக்கும் அளவு, 90 சதவீதம்.

கருவி இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு 80 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை ஓட்டுங்கள். நான் ஓட்டியபோது 150 கிலோமீட்டர் வந்தது, சராசரி 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட். அப்படியென்றால் பாதி பேட்டரிக்கு 27 யூனிட், முழுசுக்கு 54. புதிதில் பயன்படுத்தக்கூடிய அளவு 60 யூனிட், ஆக 90 சதவீதம். கருவி சொன்னதும் அதுவேதான். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் முதலில் ஒருமுறை 100 சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இதைச் செய்யுங்கள். அந்த வகையில் வோல்டேஜ் நடுவில் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், முழுசாக ஏற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் சதவீதமே பிசகிப்போகும்.

வாங்கும்போது இந்த ஆரோக்கிய சதவீதத்தை, கருவியில் எடுத்த தேதியோடு, எழுத்தில் கேளுங்கள். உங்கள் கண் முன்னால் கருவியைச் செருக விடமாட்டேன் என்கிறவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.