தோட்டமே 86 ஹெக்டேயர், அபாயப் பகுதி 131 ஹெக்டேயராம்!

பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் 7 பேர்ச் வீட்டுக் காணி பிரிக்க, மண்சரிவு வலயத்தோடு ஒப்பிட்டு வரைபடம் செய்யும் வேலை வெளியாளிடம் கொடுக்கப்பட்டது. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அவர் தந்தது வர்ணம் பூசிய பிடிஎஃப் ஒன்றும் எக்ஸெல் தாள் ஒன்றும்தான். தாளின் கடைசி வரியில் இருந்த கணக்குத்தான் மேலே தலைப்பில் இருப்பது. கேட்டதற்கு, "சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டுது" என்றார்.

சாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட சாஃப்ட்வேரில் இன்டர்செக்ஷன் (வலயத்துக்குள் விழும் காணியை மட்டும் வெட்டித் தரும் கட்டளை) ஓட்டினால் காணித் துண்டுகள் வலய எல்லையில் வெட்டுப்படும், ஆனால் பழைய பரப்பளவு நிரல் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். 4.2 ஹெக்டேயர் தேயிலை மலை மூன்றாக வெட்டுப்பட்டால் மூன்று வரியிலும் 4.2 என்றே நிற்கும். கூட்டினால் 12.6! வெட்டிய பிறகு ஃபீல்ட் கல்குலேட்டரில் (நிரலைக் கணக்கிடும் கருவி) பரப்பைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்த ஒரு படியை அவர் செய்யவில்லை.

வேலையை வாங்கும்போது காணி, வலயம் என்ற அதே இரண்டு லேயர்களில் (வரைபட அடுக்குகளில்) டிஃபரன்ஸும் ஓட்டச் சொல்லுங்கள்; அது வலயத்துக்கு வெளியே நிற்கும் காணியைத் தரும். இரண்டு விடையின் பரப்பையும் கூட்டினால் மூலக் காணிப் பரப்பு வர வேண்டும். அதைவிடக் கூடினால் வலய லேயரில் பொலிகன்கள் (மூடிய வடிவங்கள்) ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். குறைந்தால் காணி லேயரில் பழுதான வடிவங்களைத் தாண்டிவிட்டு ஓட்டியிருக்கலாம். வலய லேயரில் அப்படித் தாண்டியிருந்தால்தான் ஆபத்து: கூட்டுத்தொகை சரியாகவே வரும், அபாய நிலம் மட்டும் சத்தமில்லாமல் பாதுகாப்பான பக்கம் போய்விடும். அதனால் முதலில் இரண்டு லேயருக்கும் ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ், அதாவது பழுதான வடிவங்களைத் திருத்தும் கட்டளை, ஓட்ட வேண்டும்.

அடுத்தது கோர்டினேட், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள். இலங்கையில் இதற்கு இரண்டு முறை உண்டு: பழைய கண்டவல கிரிட்டுக்கு ஈபிஎஸ்ஜி (கோர்டினேட் முறைகளின் குறியீட்டு எண்) 5234, புதிய எஸ்எல்டி 99க்கு 5235. தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கிலும் வடக்கிலும் கொடுக்கும் எண் முதலாவதில் 2,00,000 மீட்டர், மற்றதில் 5,00,000. பழைய ஃபைலுக்குப் புதிய எண்ணைக் கொடுத்தால் தோட்டம் 300 கிலோமீட்டர் மேற்கிலும் அதே அளவு தெற்கிலும் தள்ளிக் கடலில் விழும். அது கண்ணுக்குத் தெரியும், பரவாயில்லை. கடலில் கிடந்ததைக் கையால் இழுத்து மலைமேல் வைப்பவர்தான் பயங்கரம். 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீட்டர், பக்கத்துக்கு 13 மீட்டர். ஏழு மீட்டர் பிசகினால் பாதி வீடு வேறு வலயத்தில்.

ஒரே எல்லையை இரண்டு பேர் தனித்தனியே வரைந்தால் நடுவில் ஈர்க்குச்சி போன்ற துண்டுகள் வரும். 500 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால் 1,500 சதுர மீட்டர், ஏறக்குறைய 59 பேர்ச். எட்டு வீட்டுக் காணி அதற்குள் மறைந்துவிடும்.

1:10,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 5 மீட்டர். அந்தக் கோட்டுக்குள் விழும் வீட்டுக்கு எந்த ஓவர்லேயும் (லேயர்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது) தீர்ப்புச் சொல்லாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

பிடிஎஃப் மட்டும் தந்தால் வாங்காதீர்கள். லேயர் ஃபைல்கள், ப்ராஜெக்ட் ஃபைல், புரொசெசிங் ஹிஸ்டரி (எந்தக் கட்டளையை எப்படி ஓட்டினார் என்ற பதிவு) மூன்றும் கைக்கு வரும்வரை பாதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.