பழைய டபுள் கெப் வாங்கப் போகிறவர்கள் செசியைத் தட்டிப் பார்க்கவும்

மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு வாகன விற்பனை நிலையத்தில் நானும் மைத்துனரும் சேர்ந்து வாங்கிய டபுள் கெப் (இரட்டை இருக்கை வரிசையுள்ள பிக்கப் வண்டி), பெரும்போக அறுவடைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து நெல் மூட்டைகளுடன் திரும்புகையில், கெபினுக்குச் சற்றுப் பின்னால் செசி, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம், முறிந்து வீதியிலேயே அமர்ந்துவிட்டது. கெபினின் பின்சுவரும் பின்னாலுள்ள சுமைப் பெட்டியின் முன்பலகையும் மேற்பக்கத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பள்ளம் பார்த்து மெதுவாக வந்ததால் எவருக்கும் காயமில்லை. கல்முனை வீதியில் வேகமாகப் போகும்போது முறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே விரும்பவில்லை.

விற்கும்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு. "ஒரு திட்டத்துக்கு ஓடின வாகனம் தம்பி, பாரமே ஏத்தல்ல. அடி முழுக்கப் புதுசா அடிச்சிருக்கு" என்றார் விற்பனையாளர். எங்களுடன் வந்த பாஸ் (வாகனம் திருத்துபவர்) எஞ்சினையும் கியரையும் பிரேக்கையும் சோதித்துவிட்டு, செசியில் தடிப்பாகப் பூசியிருந்த கறுப்புப் பூச்சை ஓரிடத்தில் சுரண்டிப் பார்க்கக் கேட்டபோது, பூச்சுக்கான உத்தரவாதம் போய்விடும் என்று தடுத்துவிட்டார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டினார்கள். அந்தப் பரிசோதனை புகையை அளக்குமே தவிர செசியைப் பார்க்காது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளில் ஏறிய விலையில், கழித்துவிட வேண்டிய வண்டிகளுக்கும் பூச்சு அடித்து விற்பது இலாபமான தொழிலாகிவிட்டது.

கராஜில் பூச்சைச் சுரண்டியபோது உண்மை தெரிந்தது. முறிந்த இடத்தில் செசி உள்ளிருந்தே உக்கி, தகடு தகடாக உதிர்ந்தது. அதன்மேல் மெல்லிய இரும்புத் தகடுகளை வேல்டிங் பிடித்து, மட்டிப் பசையால் மட்டமாக்கி, அதற்கும் மேலே கறுப்பைப் பூசியிருந்தார்கள். பதிவுப் புத்தகத்தில் இருந்த முன்னைய உரிமையாளரைத் தேடிப் போய்க் கேட்டோம். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றியே வண்டி ஓடியது என்றும், செசி உக்கியிருப்பதைச் சொல்லியே குறைந்த விலைக்கு அந்த நிலையத்திடம் கொடுத்ததாகவும் கூறினார்.

பெட்டி வடிவிலான செசியின் உள்ளே உப்புநீரும் சேறும் புகுந்தால், நீர் வடியும் துளைகள் அடைபட்டு, ஈரம் காயாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்ப்பவருக்கு அது தெரியாது. பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டி என்பதால் இதிலிருந்து தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். வீதியில் உப்புத் தூவும் குளிர்ப் பிரதேசங்களைக் கொண்ட அமெரிக்காவில் டொயோட்டா டகோமா முதலிய பிக்கப் வண்டிகளின் செசி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, சுமார் 15 இலட்சம் வாகனங்களை உள்ளடக்கி 2016இல் இணக்கத்துக்கு வந்தது. பிரித்தானியாவில் நிசான் நவாரா டி40 வண்டிகளின் செசி, எங்களுக்கு முறிந்த அதே இடத்தில், கெபினுக்கும் பெட்டிக்கும் நடுவே முறிந்ததாக உரிமையாளர்கள் முறையிட்டார்கள். அங்கே நிறுவனமே வண்டிகளைப் பரிசோதித்துச் சிலவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இங்கே நாங்கள் போய் நின்றபோது கிடைத்த பதில், "பாரம் கூட ஏத்தினா நாங்க என்ன செய்யிற?" என்பதுதான்.

ஆகவே வண்டியை மேலே தூக்கிவைக்கச் சொல்லி, நீங்கள் அழைத்துப்போகும் பாஸைக் கொண்டு, கெபினுக்குப் பின்புறத்தையும் வில்லுத் தகடுகள் பொருந்தும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கியதும் பசை பூசியதும் மந்தமாகச் சத்தமிடும். செசி இலக்கம் குத்தப்பட்ட இடத்தைச் சுற்றி வேல்டிங் தெரிந்தாலோ, சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. இத்தகைய நிலையங்கள் வண்டியைத் தம் பெயருக்கு மாற்றாமல், முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்டு, வாங்குபவரின் பெயர் நிரப்பாமல் விட்ட ஓபன் பேப்பரிலேயே விற்கின்றன. பத்திரங்களில் நிலையத்தின் பெயரே இருக்காது. எங்களிடம் முற்பணத்துக்கு முத்திரையுடன் தந்த பற்றுச்சீட்டு இருந்ததால்தான், விற்றது தாங்கள் அல்ல என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அந்தச் சீட்டின் பிரதியுடன், செசியின் படங்களையும் பாஸின் எழுத்துமூல அறிக்கையையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், அண்மையில் இப்படி வண்டி வாங்கியவர்கள் பெட்டியைக் கழற்றியாவது இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.