மாருதி 800: பழைய வண்டி வாங்கினால் எந்தத் தலைமுறை?

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ல் மூன்று வகை உண்டு: முதலில் வந்த எஸ்எஸ்80, 1986-ல் வடிவம் மாறி வந்த கார்ப்ரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வண்டி, 2000 வாக்கில் வந்த எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை எலெக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் இன்ஜின்). மூன்றிலும் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். எது கட்டுப்படியாகும் என்பதைத் தீர்மானிப்பது உதிரிபாகம்.

எஸ்எஸ்80 சேகரிப்பாளருக்கான வண்டி. இன்ஜின் சாமானுக்கு மாருதியின் ஆம்னி வேன் கைகொடுக்கும். பானெட், லைட், கண்ணாடி என்று பாடியில் எது போனாலும் தேடி அலைய வேண்டியதுதான்.

1986 வண்டியில் எந்த மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார். தொல்லை பெரும்பாலும் கார்ப்ரேட்டரில். அதற்குள் பெட்ரோல் வருவதைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் ஊசி தேய்ந்தால் பெட்ரோல் வழிந்து, சூடான இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்தால் இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்படியே ஓட்டினால் பேரிங் தேயும். பம்பை மாற்றினால் போதாது, ஆயிலையும் மாற்ற வேண்டும்.

எம்பிஎஃப்ஐ-யில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய சோக் இழுக்கும் வேலை இல்லை. ஆனால் அதிலேயே இரண்டு ரகம்: 6 வால்வு, 4 கியர் ஒன்று, 12 வால்வு, 5 கியர் இன்னொன்று. முன்னதில் சுமார் 37 குதிரைத்திறன், பின்னதில் சுமார் 45. ஏசி போட்டு மேடு ஏறும்போது இந்த எட்டு குதிரையின் அருமை தெரியும். 12 வால்வு இன்ஜின் ஆல்டோவின் உறவு என்பதால் சாமானும் எளிதில் கிடைக்கும். தினசரி ஓட்டத்துக்கு இதுவே எங்கள் தேர்வு. ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்: டேங்கில் பெட்ரோலை அடிமட்டத்துக்கு விடக் கூடாது. உள்ளே இருக்கும் மின்பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் எல்லாவற்றிலும் அலுமினியம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து சூடேறினால் வளைந்துவிடும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் போகும். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் வேறு வண்டி தேடலாம்.

துருவுக்குத் தலைமுறை வித்தியாசம் கிடையாது. மிதியடியைத் தூக்கி ஃப்ளோரையும், பேட்டரி தட்டையும், ஸ்டெப்னிக்குக் கீழேயும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் டிங்கர் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள். 15 வயது தாண்டிய வண்டி என்றால், ஆர்சி அடுத்த 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.